ஒரு குண்டு பதினாறேகால் ரூபாய்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள். நாலு வரி பார்த்துவிட்டு 'அருமை டீச்சர்' என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மனு பாக்கர் பதக்கத்தோடு நிற்கும் படம் ஒன்று வந்தது. கீழே, "திறமை இருந்தால் போதும், பணம் ஒரு தடையே இல்லை" என்று எழுதியிருந்தது. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் "இது தப்பு" என்று இரண்டே சொல் போட்டேன். குழுவில் சத்தமே இல்லை. ராத்திரி ஒரு பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது ஆகப்போகிறது) போன் பண்ணி, "ஏனுங்க டீச்சர், நீங்களே பிள்ளைங்களுக்கு நம்பிக்கை சொல்லாம இப்படிப் பேசலாமுங்களா?" என்று கேட்டான். அவனுக்கு எழுதும் பதில்தான் இது. மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவிநாசித் தேருக்குப் போயிருந்தேன். தேர்க்கடை வீதியில் பலூன் சுடும் கடை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் தன் மகளோடு அங்கே நின்றிருந்தான். அவன் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். அவன் மனைவி செக்கிங் வேலை. பெண் அப்போது எட்டாம் வகுப்பு. ஒல்லியான குழந்தை. வீசிங் உண்டு, ஓட முடியாது. விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பவள். அவள் துப்பாக்கியை வாங்கிப் பத்துக் குண்டு போட்டாள். பத்து பலூன் உடைந்தது. இன்னொரு பத்து போட்டாள். ஒன்றுதான் தவறியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "போதும் அம்மிணி, எனக்குப் பொழப்பு இருக்குது" என்றார்.

அந்தக் கடைத் துப்பாக்கிக்குக் குறிமுள் நேராக இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். கோணலைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி நகர்த்தி வைத்துச் சுட்டிருக்கிறாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. சுடும்போது அவள் அசையவே இல்லை. இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். ஒரு குழந்தை ஒரு நிமிடம் ஆடாமல் நிற்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

அங்கேயே அவள் அப்பாவிடம் சொன்னேன். "இந்தக் கையை வீணாக்காதே சாமி. முறையாகப் பழக்கு. செலவைப் பார்க்காதே, எப்படியாவது நடக்கும்."

செலவைப் பார்க்காதே என்று சொன்னவள் நான்தான். இந்தப் பதிவில் நான் திட்டப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

டீச்சர் சொல்லிவிட்டார் என்று அவன் கேட்டுவிட்டான். கோவைப் பக்கம் ஒரு சுடுதளத்தில் சேர்த்தான். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கட்டணத்தைப் பலகையில் எழுதியே வைத்திருந்தார்கள். பதினொரு மாதம் அந்தப் பெண் போனாள். பிறகு நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்கப் போனபோது அவள் அப்பா ஒரு ரூல்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மாதாமாதம் கணக்கு எழுதியிருக்கிறான். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே இடதுபக்கம் விவரம், வலதுபக்கம் தொகை. ஒரு மாதத்துக் கணக்கை அப்படியே தருகிறேன்.

சுடுதளக் கட்டணம் 4,000
பயிற்சியாளர் 3,000
துப்பாக்கி வாடகை 1,500
குண்டு இரண்டு டப்பா 2,200
அட்டை 300
பஸ், சாப்பாடு இரண்டு பேருக்கு 12 நாள் 1,800

கூட்டினால் 12,800. இதோடு முடியவில்லை. புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று நாள் போக வேண்டும். சேவூரிலிருந்து அவிநாசி, அவிநாசியிலிருந்து கோவை, அங்கிருந்து டவுன் பஸ். பெண் குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாது. புதனும் சனியும் அப்பாவுக்கு அரை ஷிப்ட் போயிற்று. எட்டு அரை ஷிப்டுக்கு 2,800. இதை அவன் நோட்டில் எழுதவில்லை. நான்தான் கேட்டு எழுதிச் சேர்த்தேன். மொத்தம் 15,600. புருஷனும் பெண்டாட்டியுமாக வாரச் சம்பளம் வாங்கி, மாதத்துக்கு முப்பதாயிரத்தைத் தொடாத வீடு அது.

ஒரு நாளைக்கு 80 குண்டு சுட்டாள். 12 நாளைக்கு 960. இப்போது 15,600ஐ 960ஆல் வகுங்கள். போனை எடுக்காமல் மனக்கணக்காகப் போடுங்கள். பதினாறேகால் வருகிறதா? ஒரு குண்டு 16 ரூபாய் 25 காசு. மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஈயத்துண்டு. விசையை அழுத்தினால் தீர்ந்தது.

அவன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன். அடித்த பீஸுக்குக் காசு வரும். மகளுக்குச் சுட்ட குண்டுக்குக் காசு போகும். "அவ ஒவ்வொரு தடவ சுடறப்பவும் எனக்கு மனசுக்குள்ள மீட்டர் ஓடுதுங்க டீச்சர்" என்றான். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு எப்படிக் கை ஆடாமல் இருக்கும்?

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர். உங்கள் கம்பெனி ஓவர்லாக் மிஷின் ஊசியே அதைவிடத் தடிமன். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டு. பத்துக்கு மேலும் தசமப் புள்ளி உண்டு, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. தசமத்தில்தான் முதலாம் ஆளும் முப்பதாம் ஆளும் பிரிகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்து மட்டும் சுட முடியாது. மூச்சு, தோள், கன்னம், விரல் எல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். அதற்கு ஒரே வழி திரும்பத் திரும்பச் சுடுவது. வாய்ப்பாடு மாதிரி. பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரு தடவை சொன்னவனுக்கும் முன்னூறு தடவை சொன்னவனுக்கும் உள்ள வித்தியாசம் மூளையிலா இருக்கிறது?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நாளைக்கு 100 குண்டு, மாதம் 25 நாள் பழகுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 30,000. நம் பெண் ஒரு வருடம் முழுக்கப் போயிருந்தாலும் 11,520தான். வித்தியாசம் 18,480 குண்டு. போட்டி நாளில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒன்று ஜெயிக்கும், ஒன்று தோற்கும். அந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் குண்டுக்குத்தான் மேடையில் 'திறமை' என்று பெயர் வைக்கிறோம்.

இன்னும் இருக்கிறது. வாடகைத் துப்பாக்கியை நாலைந்து பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். போட்டித் துப்பாக்கியில் கன்னம் வைக்கும் இடம், தோளில் முட்டும் இடம் எல்லாம் ஆளுக்கு ஆள் திருகி மாற்ற வேண்டும். அவளுக்கு ஒவ்வொரு நாளும் முதல் இருபது நிமிடம் அதிலேயே போனது. சொந்தத் துப்பாக்கி இருந்தால் வீட்டிலேயே குண்டு போடாமல் நின்று பழகலாம், காசு செலவில்லாத பயிற்சி. ஆனால் வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி லட்சக்கணக்கில். காசில்லாமல் பழகுவதற்கே முதலில் லட்சம் வேண்டும்! ஜாக்கெட், பேண்ட், ஷூ ஆகியவை அளவு எடுத்துத் தைத்தவையாக இருந்தால்தான் முதுகு தாங்கும். அதற்கு மட்டும் 38,000. அவள் அம்மா மகளிர் குழுவில் 40,000 கடன் வாங்கினாள். போட்டியில் தகுதி மதிப்பெண்ணுக்கு ஒன்றரைப் புள்ளி குறைந்தது. அடுத்த மாதம் நிறுத்திவிட்டார்கள். ஜாக்கெட் பீரோவில் தொங்குகிறது. கடன் தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தத் தவணையை நான் கட்டுகிறேன் என்று சொன்னேன். அவன் வாங்க மறுத்துவிட்டான். "நீங்க சொன்னது தப்பில்லீங்க டீச்சர். கணக்குதான் தப்பாப் போச்சு" என்றான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இனி அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருகிறேன். மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். ஒன்று தனியாக, ஒன்று சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து. அபாரமான பெண். அவர் அப்பா வணிகக் கப்பலில் இன்ஜினியர். ஹரியானாவில் அவருடைய கோரியா கிராமத்துப் பள்ளியிலேயே சுடுதளம் இருந்தது. குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் என்று பலதும் விளையாடிவிட்டுத் துப்பாக்கிக்கு வந்தவர் அவர். கிராமத்துப் பள்ளியில் சுடுதளம் இருந்தது என்ற விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை இந்தியா ஒலிம்பிக்கில் வாங்கியது 25 பதக்கம். அதில் 7 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. பாரிஸில் கிடைத்த ஆறில் மூன்று அதுதான். அப்படியானால் இது ஏதோ பொழுதுபோக்கு இல்லை. அந்த ஏழுக்கும் குண்டு வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2004இல் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. 2008இல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்குத் தொழிலதிபரான அப்பா வீட்டிலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார். 2012இல் வெள்ளி வாங்கிய விஜய் குமாரும் ராணுவம்தான். அதே வருடம் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் நம் சென்னையில் பிறந்தவர். அவருக்குத் துப்பாக்கி வாங்கக் குடும்பம் இருந்த சொத்தை விற்றது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். 2024இல் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர்ப் பக்கம் கிராமத்துப் பையன். அப்பா என்னைப் போல ஆசிரியர். மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி என்ற விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்து வளர்ந்தவர், பிறகு ரயில்வே வேலை. அப்படியும் அவர் அப்பா கடன் வாங்கித்தான் தோட்டா வாங்கிக் கொடுத்தார் என்று பத்திரிகைகளில் வந்தது.

பணக்கார அப்பா, ராணுவம், அரசுத் திட்டம், ரயில்வே, பள்ளிச் சுடுதளம், இல்லாவிட்டால் விற்ற சொத்து. ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருந்தது. அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உழைப்பை உழைக்க அவர்களுக்கு இடமும் குண்டும் இருந்தது என்கிறேன். "பணம் தடையில்லை" என்று அந்த வீடுகளில் போய்ச் சொல்லிப் பாருங்கள். சொத்தை விற்றவர் சிரிப்பார்.

பிந்த்ராவே 2016இல், இங்கிலாந்து ஒரு பதக்கத்துக்கு 55 லட்சம் பவுண்ட் செலவழிக்கிறது, நாமும் ஒழுங்கான ஏற்பாடு செய்யாதவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்ற பொருளில் சொன்னார். வீட்டில் சுடுதளம் இருந்தவருக்குத் தெரிந்தது, வாட்ஸ்அப்பில் படம் போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

ஆதியிலிருந்தே இது ராஜாக்கள் விளையாட்டு. டில்லி துக்ளகாபாத்தில் உள்ள பெரிய சுடுதளத்துக்குப் பெயரே கர்ணி சிங். பிகானீர் மகாராஜா, ஐந்து ஒலிம்பிக் போனவர். நம் தமிழ்நாட்டிலிருந்து பாரிஸ் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பம். நன்றாகச் சுடுகிறார், சந்தோஷம். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண், இரண்டு ஒலிம்பிக் போய் வந்தார். அவர் வளர்ந்தது அகமதாபாத்தில். ககன் நாரங் ஆரம்பித்த பயிற்சி அமைப்பு அங்கே அவருக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பம் கடலூர்ப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு கிராமத்தில் இருந்திருந்தால் இந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

போன் பண்ணிய பையன் இன்னொன்றும் சொன்னான். "துப்பாக்கி எல்லாம் நமக்கு எதுக்குங்க டீச்சர், கபடி, கோகோ இருக்குதில்லீங்க?" எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கபடி நல்ல விளையாட்டு. ஆனால் ஓட முடியாத குழந்தைக்குக் கபடி எதற்கு? ஏழைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு, பணக்காரப் பிள்ளைக்கு அந்த விளையாட்டு என்று ரேஷன் கார்டு மாதிரி யார் பிரித்தது? படிப்பில் இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? "உன் மகனுக்கு டாக்டர் படிப்பு எதுக்கு, ஐ.டி.ஐ. இருக்குதே" என்று அவனிடமே ஒருவர் சொன்னபோது என் வீட்டுக்கு வந்து அழுதவன் அவன். மறந்துவிட்டான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒலிம்பிக் தகுதிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் டாப்ஸ் திட்டம் 2014இலிருந்து இருக்கிறது. பெயர் பெற்ற வீரர் என்ற தகுதி வந்துவிட்டால் துப்பாக்கியும் தோட்டாவும் சுங்க வரி இல்லாமல் இறக்குமதி செய்துகொள்ளலாம். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023இல் வந்தது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் எங்கேயும் முதலில் கேட்பது, "என்ன சாதித்தாய், காட்டு" என்பதுதான். சாதித்துக் காட்டுகிறவரைக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது? என்.சி.சி.யில் சேர்ந்தால் .22 ரைபிள் சுடச் சொல்லித் தருவார்கள், காசு கிடையாது. ஆனால் எல்லாப் பள்ளியிலும் என்.சி.சி. இல்லை. இருக்கும் இடத்திலும் ஒரு பிள்ளையின் கைக்கு வரும் தோட்டா கொஞ்சம்தான்.

நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கட்கிழமை கடலைக்காய் ஏலம் நடக்கிறது. மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்து, முதல் ரகமா இரண்டாம் ரகமா என்று விலை சொல்வார்கள். விளைந்த காய்க்குத்தான் விலை. விதை வாங்கிய கடன், உழவுக்கூலி, களையெடுத்த கூலி எதையும் எந்த வியாபாரியும் கேட்க மாட்டார். விளையாட்டிலும் நாம் அந்த வியாபாரி மாதிரிதான் இருக்கிறோம்.

கம்பெனி வைத்திருக்கும் என் மாணவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். யாராவது ஜெயித்து வந்தால் பிளெக்ஸ் வைக்கிறீர்கள். சால்வை போடுகிறீர்கள். மைக் பிடித்து, "எங்க ஊரு மண்ணுல திறமைக்குப் பஞ்சமில்லை" என்று பேசுகிறீர்கள். நானும் அந்த மேடையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். ஒரு பாராட்டு விழாவுக்குப் பந்தல், மைக்செட், சால்வை, சாப்பாடு என்று ஆகும் செலவில் எத்தனை டப்பா குண்டு வாங்கலாம் என்று ஒருநாளாவது கணக்குப் போட்டோமா? ஜெயித்த பிறகு சால்வை எதற்கு? அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என்னை நீங்கள் டீச்சர் என்று கூப்பிட வேண்டாம். வழி சொல்கிறேன்.

10 மீட்டர் என்பது 33 அடி. உங்கள் கம்பெனியில் நீளமான கட்டிங் டேபிள் ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். சுடுகிறவர் நிற்க, பின்னால் நடக்க இடம் சேர்த்தால் ஒரு சின்ன ஷெட் போதும், இல்லை மூன்று வகுப்பறை நீளம் போதும். எலக்ட்ரானிக் இலக்கு வேண்டாம். கயிறு கட்டி இழுக்கும் அட்டை, பின்னால் குண்டைத் தடுக்கும் இரும்புத் தகடு, நல்ல வெளிச்சம் போதும். இந்தப் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. இந்தியத் தயாரிப்பு ரைபிள்கள் இப்போது வெளிநாட்டு விலையை விட மிகக் குறைவாகக் கிடைக்கின்றன. பழகுகிற பிள்ளைக்கு அது போதும்.

மாதச் செலவைப் பாருங்கள். 20 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் எட்டு நாள், நாளைக்கு 50 குண்டு. மொத்தம் 8,000 குண்டு. ஐநூறு கொண்ட டப்பா 16. டப்பா 1,100 என்றால் 17,600. வாரம் ஒருநாள் வந்து சொல்லித்தரும் பயிற்சியாளருக்கு 10,000. ஆக 27,600. ஒரு பிள்ளைக்கு மாதம் 1,380. ஒரு குண்டு 3 ரூபாய் 45 காசு.

பதினாறேகால் எங்கே, மூன்று ரூபாய் நாற்பத்தைந்து காசு எங்கே! குண்டு விலையில் நான் ஒரு பைசா குறைக்கவில்லை. பஸ் போயிற்று, வாடகை போயிற்று, அப்பாவின் அரை ஷிப்ட் மிச்சமாயிற்று, அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை எட்டாக்கனியாக வைத்திருப்பது துப்பாக்கி விலை மட்டும் இல்லை, தூரமும்தான். கோரியா கிராமத்துப் பள்ளியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

மாதம் 400 குண்டு சுட்டு யாரும் ஒலிம்பிக் போக மாட்டார்கள், தெரியும். ஆனால் யாருக்குக் கை நிற்கிறது, யாருக்கு நிற்கவில்லை என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். நிற்கிற இரண்டு பேரை அடுத்த படிக்கு அனுப்புவோம். கடன் வாங்கித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலைமை ஒழியட்டும்.

பணம் எப்படி என்கிறீர்களா? கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, வருடத்துக்கு ஐந்து கோடிக்கு மேல் நிகர லாபம் காட்டும் கம்பெனிகள் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி அளிப்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. உங்களில் பலருடையது பார்ட்னர்ஷிப், அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் இருந்தால்தான் செய்வீர்களா? அரசுப் பள்ளிக்கு முறைப்படி கொடுக்க 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற வழியும் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இங்கே கணக்குக் காட்டவும் முடியும், கேள்வி கேட்கவும் முடியும்.

பிள்ளைகள் கையில் துப்பாக்கியா என்று உறவுக்காரர்கள் சிலர் பதறுவீர்கள். நானும் பதறினேன். அந்தச் சுடுதளத்துக்கு ஒருநாள் அவளோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறக்கயிறு செருகியிருக்க வேண்டும். ஒருவர் முன்னால் போனால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். என் வகுப்பில்கூட அத்தனை ஒழுங்கு நான் பார்த்ததில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைப்போம், காவல் நிலையத்தில் தெரியப்படுத்துவோம். பெரியவர் இல்லாமல் கதவு திறக்காது. இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சி.

முதலில் நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முறைப்படி அனுமதி கேட்போம். அங்கே இடம் அமையாவிட்டால் உங்களில் ஒருவரின் பழைய ஷெட். குண்டுச் செலவில் மூன்று மாதம், 52,800 ரூபாய், என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். 'செலவைப் பார்க்காதே' என்று சொன்ன வாய்க்கு அபராதம். மீதி ஒன்பது மாதத்தை ஒன்பது பேர் எடுத்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் ஒன்றுதான். எனக்குத் தெரிந்தே எட்டுப் பேர் கம்பெனி வைத்திருக்கிறீர்கள். ஒன்பதாவது ஆள் யார் என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள்.

அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன். அவளிடமும் அவள் அப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன், பெயர் போடவில்லை. யாரென்று தெரிந்தவர்களும் கமெண்டில் சொல்ல வேண்டாம். படித்துக் காட்டியபோது அவள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "அது ஒன்றரைப் புள்ளி இல்லீங்க டீச்சர், ஒண்ணு புள்ளி நாலு." அந்தத் தசமம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மேலே நான் மாற்றவில்லை, சரியான கணக்கு இதுதான் என்று நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கும்பிடும் கை பொம்மையும் பூங்கொத்தும் போட வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் போன் பண்ணுங்கள். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். வந்தால் நோட்டைக் காட்டுகிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்,
சேவூர்